சாகஸ் பிசிஆர்: நெகட்டிவ் கன்ட்ரோலிலும் 330 பேண்ட்

வணக்கம். மாலிகுலர் லேபில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

சாகஸ் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியான டிரிபனோசோமா குரூசியின் கைனெட்டோபிளாஸ்ட் மினிசர்க்கிளை (சிறு டிஎன்ஏ வளையம்) தேடும் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் சோதனை), 121/122 ப்ரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்). தண்ணீர் மட்டும் வைத்த நெகட்டிவ் கன்ட்ரோல் குழாயிலும், பாசிட்டிவில் வர வேண்டிய அதே 330 பேஸ் பேரில் மங்கலாக ஒரு பேண்ட் விழுகிறது, அதுவும் எல்லா ரன்னிலும் அல்ல. பிரித்தெடுப்பு பிளாங்க் (ஒட்டுண்ணி இல்லாமல் டிஎன்ஏ பிரித்தெடுத்துப் பார்க்கும் குழாய்) சுத்தமாக இருக்கிற நாளிலும் இது வருவதால், சந்தேகம் பழைய ஆம்ப்ளிகான் (முந்தைய ரன்களில் பெருகிப் பரவிய துண்டு) மீதுதான். ஒரு ஒட்டுண்ணியிலேயே ஆயிரக்கணக்கான மினிசர்க்கிள்; ஒவ்வொன்றிலும் இந்தத் துண்டு நான்கு முறை. நாள்பட்ட நோயாளியின் ரத்தத்தில் அரிதாக இருப்பதைப் பிடித்துத் தருவதும் இதே பெருக்கம்தான், வம்பும் இதே.

ரத்தத்தோடு சம அளவு 6 மோலார் குவானிடின், 0.2 மோலார் இடிடிஏ கலவை, பிறகு 15 நிமிடக் கொதிநீர். கொதிக்க வைப்பதை விட்டால் மினிசர்க்கிள்கள் பின்னிய வலையாகவே கிடக்கும். அப்போது சோதனைக்கு எடுக்கும் 100 மைக்ரோலிட்டரில் எல்லாம் வரும், இல்லையேல் ஒன்றுமே வராது. மனித பீட்டா குளோபின் ஒழுங்காகப் பெருகுகிறது, எனவே பிசிஆரைத் தடுக்கும் பொருள் (தடுப்பான்) பிரச்சினை இல்லை.

தண்ணீர், ப்ரைமர், பில்டர் டிப் எல்லாம் புதிது. மேசைக்கு பிளீச் போடுகிறோம் (குவானிடின் கழிவில் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்).

கேள்வி: டியூடிபி, யூஎன்ஜி முறைக்கு (டிடிடிபிக்குப் பதில் டியூடிபி போட்டுப் பெருக்கி, பழைய துண்டுகளை அடுத்த ரன்னுக்கு முன் யூஎன்ஜி நொதியால் அழிப்பது) மாறினால் உணர்திறன் குறையுமா? ஏற்கெனவே பரவிய டிடிடிபி ஆம்ப்ளிகானை யூஎன்ஜி வெட்டாதே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? இல்லை, சாட்டிலைட் டிஎன்ஏவை (ஒட்டுண்ணியின் டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் பகுதி) தேடும் ரியல்டைம் பிசிஆருக்கே போய்விடலாமா?