மறு: ரேஞ்ச்லேண்ட் – தமிழில் என்ன சொல்?

அன்பர்களே,

2026-ஐ ரேஞ்ச்லேண்டுகளுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது அல்லவா? அதையொட்டிய கால்நடைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கெடு. பாஸ்ச்சர் என்பது விதைத்து, உரமிட்டு வளர்க்கும் புல். ரேஞ்ச்லேண்டில் மழைக்குத் தானாக முளைக்கும் புல்லும் புதரும்தான். இரண்டையும் ‘மேய்ச்சல் நிலம்’ என்று போட்டால் பத்தியே பொருளற்றுப் போகிறது. உதவுங்கள்.

———

ஐயா, கொறங்காடு என்ற நல்ல சொல் இருக்கிறதே! காங்கேயம், தாராபுரம் பக்கம் வந்து பாருங்கள். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. ஐப்பசி மழைக்குப் புல் கிளம்பும். கோடையில் அது காய்ந்து போனாலும் வெள்வேலங்காய் உதிரும்; காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியாடும் அதைப் பொறுக்கித் தின்னும். சாணத்தோடு விழுந்த விதை அடுத்த மழைக்கு முளைக்கும். மாடு நாக்கைச் சுழற்றி உயரமான புல்லை இழுக்கும், செம்மறி அடிப்புல்லைக் கொறிக்கும். அதனால்தான் ஒரே காட்டில் இரண்டும் பிழைக்கின்றன. பாசனமே இல்லாமல் பாலும் இறைச்சியும் தரும் நிலத்துக்கு மக்கள் வைத்த பெயர் இது.

———

> கொறங்காடு என்ற நல்ல சொல் இருக்கிறதே

இருக்கிறது. ஆனால் அது பட்டா நிலம். வேலி போட்டு, தடுத்துத் தடுத்து மாற்றி மேய்ப்பது. கூடாரத்தோடு இடம்பெயரும் மங்கோலிய மேய்ப்பரின் புல்வெளியை அதற்குள் அடைக்க முடியாது.

‘வன்புலம்’ என்ற சங்க இலக்கியச் சொல்லை எடுங்கள். மென்புலம் நெல் விளையும் மருதம். வன்புலம் முல்லையும் குறிஞ்சியும். ‘மாயோன் மேய காடுறை உலகம்’ என்று தொல்காப்பியரே முல்லையை மேய்ச்சலோடு சேர்த்திருக்கிறார்.

———

அம்மா, அந்த ‘மேய’ மேய்ச்சல் அல்ல. மேவிய, விரும்பி உறைந்த என்று பொருள். அடுத்த அடியிலேயே ‘சேயோன் மேய மைவரை உலகம்’ என்று மலைக்கும் அதே ‘மேய’ வருகிறது! அப்புறம், வன்புலம் என்றால் இன்றைய மாணவருக்கு வன்முறைதான் நினைவுக்கு வரும்.

வருவாய்க் கணக்கில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று எழுதுகிறார்கள். புறம்போக்கை விட்டுவிட்டு ‘மேய்க்கால்’ மட்டும் எடுக்கலாம். கால் என்றால் இடம். இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமை உருபாகவும் அது வரும். ‘கால்’ வரும் மற்றச் சொற்கள் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

———

தனி மடலுக்குக் காத்திருக்க நேரமில்லை ஐயா, மன்னிக்கவும். தனிப்பட வந்த பதில்களில் பெரும்பாலோர் ‘இயற்கை மேய்ச்சல்வெளி’ என்கிறார்கள். பாஸ்ச்சருக்கு ‘வளர்ப்புப் புல்நிலம்’. கொறங்காட்டை எடுத்துக்காட்டுப் பெட்டியில் விரிவாகச் சேர்க்கிறேன். சரிதானே?

———

எனக்குச் சரியில்லை. ‘வெளி’ என்றால் காலி இடம் என்று படிப்பார்கள். தரிசு என்று எழுதி வைத்துத்தான் இந்த நிலங்களை மரம் நடவும் வேறு திட்டங்களுக்கும் எடுக்கிறார்கள். மட்டக்களப்பில் நாங்கள் ‘மேய்ச்சற்தரை’ என்போம். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023-இல் போராட்டத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். அந்தத் தரையில் மாடு நிற்கிறது, குடும்பம் பிழைக்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். பெரும்பான்மை எதுவானாலும் என் வாக்கு மேய்ச்சற்தரைக்கே. கையேட்டில் ஒரு முறையாவது அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.