கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் படித்த மர்ம நாவல்கள்: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். 22 கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகிற பஸ்ஸில் ஏறினால் ஒரு பாக்கெட் நாவலில் பாதிக்கு மேல் முடித்துவிடலாம். மீதி சாயங்காலம் திரும்பும்போது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நான் படித்த ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா எல்லாமே இந்தச் சாலையில் படித்தவைதான். பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். புது இதழ் வந்த அன்றே போனால்தான் நல்ல பிரதி கிடைக்கும்.

ஆல்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு கொலை விழுந்துவிடும். அடுத்த அத்தியாயத்தில் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு குடும்பம், ஒரு கல்யாணப் பேச்சு. மூன்றாவது அத்தியாயத்தில் மறுபடி கொலை நடந்த வீடு. ராஜேஷ்குமாரைப் படித்தவர்களுக்கு இந்தக் கதைக் கட்டு பழக்கமானது. இரண்டு தண்டவாளங்கள் தனித்தனியாக ஓடும்; எங்கே சேரும் என்று நாம் யோசித்துக்கொண்டே இருப்போம். கிருமாம்பாக்கத்தில் ஒரு ஊகம், தவளக்குப்பத்தில் இன்னொன்று. அரியாங்குப்பம் பாலம் வரும்போது நம் ஊகம் எல்லாம் பொய்த்திருக்கும். அவருடைய துப்பறியும் நாயகன் விவேக் வந்து முடிச்சை அவிழ்ப்பார்.

போன மாதம் என் மகள் பரணிலிருந்து அதில் ஒன்றை எடுத்துப் படித்தாள். ஒரே மூச்சில் முடித்துவிட்டுச் சொன்னாள்: “நல்லா வேகமா போகுதுப்பா. ஆனா யாருமே நின்னு யோசிக்க மாட்டேங்கிறாங்க. ஓடிக்கிட்டே இருக்காங்க.”

அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்த நாவல்களின் பக்கம் நின்றும் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாதாமாதம், பல சமயம் மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல், சின்ன அளவுப் புத்தகத்துக்குள் ஒரு முழுக் கதை. வாங்குகிறவன் நின்றுகொண்டே படிப்பான், ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பான். அவனுக்காக எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை. நின்று யோசிக்க அதில் இடம் இல்லை, அவனுக்கு நேரமும் இல்லை. அந்த எழுத்தைத் தீர்மானித்தது அந்த வாசகன்தான் என்பது என் எண்ணம். இப்போது வரும் திரில்லர்களை வேறு மாதிரி வாசகர் படிக்கிறார். அதனால்தான் எழுத்தும் மாறியது.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கடலூர் ஓ.டி.யிலிருந்து:

தம்பி, நீங்கள் நடுவிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

என் மாமா ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், வாடகை நூலகம் வைத்திருந்தார். பள்ளி விட்டதும் நான்தான் அங்கே நோட்டில் எழுதி, புத்தகம் எடுத்துக் கொடுப்பேன். அங்கே ஒரு அலமாரி முழுக்க வடுவூர் துரைசாமி ஐயங்கார். என் பாட்டி வயதுப் பெண்கள் ஆள் அனுப்பி வாங்கிப் போவார்கள். அதில் திகம்பர சாமியார் துப்பறிவார். ஆனால் அவர் உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு வீட்டின் வர்ணனை, ஒரு பெண்ணின் வர்ணனை, தர்மம் அதர்மம் பற்றி ஒரு பிரசங்கம் எல்லாம் வந்து போகும். ரெய்னால்ட்ஸ் மாதிரியான ஆங்கில நாவல்களைத் தழுவி, அதை நம் அக்ரகாரத்துக்கும் பங்களாவுக்கும் மாற்றி எழுதுவார். ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகும். அதைப் படித்தவர்களுக்கு அவசரமே கிடையாது. மதியம் முழுக்க அவர்களுடையது.

அடுத்த அலமாரி தமிழ்வாணன். அவருடைய துப்பறிவாளர் சங்கர்லால் தேநீர் குடிப்பார், கெய்ரோ போவார், பெர்லின் போவார். பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்க்காத எங்களுக்கு அது பெரிய விஷயம். வாக்கியம் சுருங்கிவிட்டது, தமிழ் சுத்தமாக இருக்கும், எட்டாம் வகுப்புப் பையன் கையில் பயமில்லாமல் கொடுக்கலாம். மாமா எனக்குப் படிக்க அனுமதித்தது அந்த அலமாரியை மட்டும்தான்.

மூன்றாவது அலமாரிதான் முக்கியம். அதில் அச்சடித்த புத்தகங்கள் குறைவு. வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து எடுத்து, அடுக்கி, தைத்து, மேலே காலிகோ போட்ட பைண்டு வால்யூம்கள். சுஜாதாவை நான் படித்தது அப்படித்தான். ஓவியர் ஜெயராஜ் வரைந்த படங்களோடு, பக்கத்திலேயே பல்பொடி விளம்பரத்தோடு. ‘நைலான் கயிறு’ 1968-இல் குமுதத்தில் வந்தது. அதில்தான் துப்பறியும் வக்கீல் கணேஷ் அறிமுகம். அவருடைய ஜூனியர் வசந்த் அப்போது இல்லை, பிறகுதான் வந்து சேர்ந்தான்.

பைண்டு வால்யூமில் படித்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். சில பக்கங்களுக்கு ஒரு முறை கதை திடுக்கிட்டு நிற்கும். கதவு தட்டப்படும், போன் அடிக்கும், “அவள் அங்கே இல்லை” என்று முடியும். வாரா வாரம் படித்தவர்களுக்கு அது ஏழு நாள் தவிப்பு. எனக்கோ உடனே அடுத்த பக்கம். அப்படிச் சேர்த்துப் படிக்கும்போதுதான் ஒரு எழுத்தாளர் எங்கெங்கே நம்மை நிறுத்திப் பிடிக்கிறார் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

சுஜாதா வந்தபிறகு வசனத்துக்குப் பக்கத்தில் ‘என்றான்’, ‘என்று கூறினாள்’ எல்லாம் உதிர்ந்துவிட்டது. யார் பேசுகிறார் என்பது பேசுகிற விதத்திலேயே தெரியும். பாத்திரம் மாடியிலிருந்து இறங்கினால் எழுத்துகளும் படிப்படியாக இறங்கும். இவருக்குப் பின் எழுத வந்தவர்கள் யாராலும் பழைய நீள வாக்கியத்துக்குத் திரும்ப முடியவில்லை. இன்றைக்கு எழுத்து மாறிவிட்டது என்று பேசுகிறோம். என்னைக் கேட்டால் தமிழ்த் திரில்லரின் பெரிய மாற்றம் அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுமைப்பித்தன் 1906-இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். அதைச் சொல்லியே எங்கள் தமிழ் வாத்தியார் துப்பறியும் கதை படிக்கிறவர்களைத் திட்டுவார். அந்தத் திட்டு எனக்கு இன்றைக்கும் ஏற்பில்லை. ஜெயகாந்தனை நான் எடுத்துப் படித்ததே அந்த மூன்றாவது அலமாரி தந்த வாசிப்புப் பழக்கத்தால்தான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

வாடகை நூலகம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பால்பாயின்ட் பேனா. யாரோ ஒரு புண்ணியவான் ஏழாம் பக்கத்தில் ஒரு பெயரை வட்டமிட்டு “இவன்தான் கொலைகாரன்” என்று எழுதி வைத்திருப்பான். அப்படி ஒரு நாவலை, கோபத்தோடு ஆரம்பித்து, முழுக்கப் படித்தேன். ஆச்சரியமாக, நன்றாகவே இருந்தது. அவன் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும், காபி கொடுக்கும்போதும் எனக்கு மட்டும் விஷயம் தெரியும். எழுத்தாளர் எங்கே மறைக்கிறார், எங்கே வேண்டுமென்றே காட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே போனேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:

நெல்லிக்குப்பம் அண்ணா, நீங்கள் சொன்ன அந்தச் சுவைக்காகவே இப்போது நாவல் எழுதுகிறார்கள். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் ‘த டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ 2005-இல் வந்தது. கொலை ஆரம்பத்திலேயே நம் கண்முன் நடந்துவிடும். யார், எதற்காக என்று எல்லாம் தெரியும். உதவ வருகிற பக்கத்து வீட்டுக் கணக்கு ஆசிரியர் அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் கதை. எல்லாம் தெரிந்தும் கடைசியில் நான் அதிர்ந்துபோனேன். கல்லூரி விடுதியில் விளக்கு அணைத்தபிறகு போனில் படித்தது அது.

ஓ.டி. ஐயாவிடம் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். வாக்கியம் சுருங்கியது பெரிய மாற்றம்தான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அம்மாவின் பழைய நாவல்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரு விடுமுறையில் வரிசையாகப் படித்தேன். அட்டையில் ஒரு பெண். முதல் அத்தியாயத்தில் ஒரு பெண்ணின் உடல். அவள் உடுத்தியிருந்தது என்ன, எப்படிக் கிடந்தாள் என்று விவரமாக வரும். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரி இருக்காது. பிரபாகரின் சுசீலா, சுபாவின் வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் ரூபலா மாதிரி துடிப்பான பெண்கள் இருந்தார்கள், அவர்களை எனக்கும் பிடிக்கும். ஆனால் செத்துப்போனவளுக்குக் குரல் கிடையாது. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

2012-இல் வந்த ஜில்லியன் ஃப்ளின்னின் ‘கான் கேர்ள்’ படித்தபோது அது உடைந்தது. காணாமல் போன மனைவியே தன் பக்கத்தைச் சொல்கிறாள். கணவன் ஒரு அத்தியாயம், மனைவி ஒரு அத்தியாயம். திருப்பாதிரிப்புலியூர் அண்ணா சொன்ன அதே இரண்டு தண்டவாளம்தான், யோசித்துப் பாருங்கள்! ஆனால் இங்கே இரண்டு கதைகள் சேரவில்லை. ஒரே கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேர் சொல்வது மோதுகிறது. யாரை நம்புவது என்பதே மர்மம்.

கதை சொல்கிறவரையே நம்ப முடியாத இந்த உத்தி புதிது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அகதா கிறிஸ்டி 1926-லேயே செய்துவிட்டார். நாவலின் பெயரைச் சொன்னால் படிக்காதவர்களுக்குக் கெட்டுவிடும், அதனால் சொல்லவில்லை.

புதுச்சேரி, குருசுக்குப்பத்திலிருந்து:

எங்களுடையது சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டில் பிரெஞ்சுப் புத்தகம் உண்டு, அதில் பாதிக்கு மேல் ழார்ழ் சிமெனோன் எழுதிய துப்பறியும் நாவல்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் தரையில் விரித்திருக்கும் பழைய புத்தகங்களிலும் தேடித் தேடி வாங்கினேன். சட்டைக் குவியலுக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் அவருடைய மெக்ரே நாவல் ஒன்று கிடைத்தால் அந்த வாரம் நிறைந்துவிடும்.

மெக்ரே என்கிற போலீஸ் அதிகாரியை வைத்து 75 நாவல்கள், 28 சிறுகதைகள் எழுதினார் சிமெனோன். முதல் நாவல் 1931-இல் வந்தது. ஒரு நாவலை ஒன்றரை வாரத்தில் முடித்துவிடுகிற வேகம். நம் ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் எழுதியவர் என்கிறார்கள்; வேகமாக எழுதுகிறவரைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்து யோசிக்க வேண்டும்.

ஆனால் எழுதின வேகம் கதைக்குள் தெரியாது. மெக்ரே ஓட மாட்டார். இறந்தவன் வாழ்ந்த தெருவில் போய் உட்காருவார், ஒரு கிளாஸ் பியர் குடிப்பார், கடைக்காரரிடம் பேசுவார், மழையைப் பார்ப்பார். இந்த மனுஷன் ஏன் இப்படிச் செய்தான் என்று அவருக்குப் புரிய வேண்டும். புரிந்தபிறகு குற்றவாளிமேல் அவருக்கு இரக்கம்கூட வரும். சொற்களும் எளியவை, பள்ளியில் பிரெஞ்சு படித்த பிள்ளை அகராதி இல்லாமல் படிக்கலாம். உங்கள் மகளுக்கு அதைக் கொடுங்கள், திருப்பாதிரிப்புலியூர் தம்பி. ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. நின்று யோசிக்கிற ஆள் வேண்டும் என்று கேட்டாள் அல்லவா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

நான் வக்கீல் குமாஸ்தா. என் அனுபவம் கொஞ்சம் வேறு. வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில் மதிய இடைவேளையில் படித்தவைதான் எல்லாம்.

தனியார் துப்பறிவாளர் கொலை நடந்த வீட்டுக்குள் நேராகப் போவார், இன்ஸ்பெக்டர் அவருக்கு வழி விடுவார், தடயத்தைக் கையில் எடுப்பார். நடைமுறையில் அப்படிப் போக முடியாது. இந்த விஷயத்தில் சுஜாதாவை நான் மிகவும் மதிக்கிறேன். கணேஷை வக்கீலாக வைத்ததால் அவர் வழக்குக்குள் வருவதற்கு ஒரு நியாயம் இருந்தது. கட்சிக்காரர் தேடி வருகிறார், வக்கீல் விசாரிக்கிறார். இயல்பாக இருந்தது.

எழுத்து மாறியதற்கு இன்னொரு காரணம் செல்போன். எண்பதுகளின் கதைகளில் பாதி, ஒருவர் இன்னொருவருக்குத் தகவல் சொல்ல முடியாததால் நகர்ந்தவை. வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருப்பார்கள், லைன் அறுந்துபோகும். இப்போது முதலில் பார்ப்பதே எந்த நம்பரிலிருந்து யாருக்குப் பேசினார், அப்போது எந்த டவரில் இருந்தார், தெரு முனை கேமராவில் யார் போனார் என்பதைத்தான். ‘நான் அன்று ஊரிலேயே இல்லை’ என்று ஒரு பாத்திரம் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆகவே எழுத்தாளர்கள் வெளியே ஒளிய இடம் இல்லாமல் மனசுக்குள் போய்விட்டார்கள். லாஸ்பேட்டைப் பிள்ளை சொன்ன நாவல்கள் அப்படி வந்தவை என்று நினைக்கிறேன்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2024 ஜூலை 1 முதல் சட்டம் மாறிவிட்டது. அதற்குப் பின் நடந்த கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. அண்மையில் இன்றைய காலத்தில் நடக்கிற ஒரு கதையில் இன்ஸ்பெக்டர் “302-ல உள்ள தள்ளிடுவேன்” என்றதும் எனக்குப் புத்தகத்தை மேலே படிக்க முடியவில்லை.

லாஸ்பேட்டையிலிருந்து மறுபடியும்:

மஞ்சக்குப்பம் ஐயா, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நான் ஒரு நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நான் படித்த திரில்லர்களில் சென்னை, கோவை, பெங்களூர்தான் அதிகம் வந்தது. நம் பக்கம் வரவில்லை. பாகூர்ப் பக்கம் போனால் இந்த வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு என்று எல்லை வளைந்து வளைந்து போகிறது. அதைவிட நல்ல களம் எங்கே கிடைக்கும்? இறந்தவளே பாதிக் கதையைச் சொல்கிறாள், டைரியில். கொலை புதுச்சேரிப் பக்கம் நடக்கிறது, உடல் கடலூர்ப் பக்கத்தில் கிடைக்கிறது. எந்த ஸ்டேஷன்? எந்தக் கோர்ட்?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

உடல் கிடைத்த இடத்து ஸ்டேஷனில்தான் பொதுவாக முதலில் பதிவாகும் பிள்ளை. எல்லை காரணம் சொல்லிப் புகாரைத் தள்ளக் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவார்கள். விசாரணையில் கொலை நடந்தது புதுச்சேரியில் என்று தெரிந்தால் வழக்கு அங்கே போகும். ஆனால் ‘எங்கே நடந்தது’ என்பதையே எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி ஆக்குவார். அந்த டைரியில் இடத்தின் பெயரை அவள் எழுதியிருக்கிறாளா, இல்லையா என்பதை முதலில் முடிவு செய். எழுதின அத்தியாயத்தை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.