கந்தோர்ப் பாடம் ரெண்டு வயசுப் பிள்ளையிட்ட எடுபடுமா?

மட்டுநகர் பயிற்றுநர்:
தலைமைத்துவப் பயிற்சியில் சொல்லித்தருவதை, இரண்டு மூன்று வயதுப் பிள்ளை தரையில் உருண்டு குழறும்போதும் பயன்படுத்தலாம் என்பது என் வாதம். முகாமைத்துவ ஆய்வாளர்கள் ஹெர்சியும் பிளான்சார்டும் 1969இல் எழுதிய தலைமைத்துவக் கோட்பாட்டில், பிள்ளை வளர வளரப் பெற்றார் பிடியைத் தளர்த்துவதைத்தான் முகாமையாளருக்கு முன்மாதிரியாகக் காட்டினார்கள். வீட்டிலிருந்து கந்தோருக்குப் போன பாடம் வீட்டுக்கே திரும்பி வருவதில் என்ன தவறு? புதிய ஊழியரிடம் நடப்பது போலவே நடக்கலாம். ஒரு தடவைக்கு ஒரே கட்டளை. ஆளைக் குறை சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள்; "கெட்ட பிள்ளை" வேண்டாம், "கோப்பையை எறிஞ்சிட்டாய்" போதும். தெரிவு இரண்டு கொடுங்கள். எதையும் மாற்றுமுன் அறிவித்துவிடுங்கள்.

கல்லடி முன்பள்ளி:
சேர், பட்டியல் நல்லம், நேரம்தான் பிழை. புது ஊழியர் கோவத்திலயும் நீங்க சொல்றதை விளங்கிக்கொள்வார். ரெண்டு வயசில, தன்னை அடக்குற மூளைப் பகுதி இன்னும் முதிரல்ல. குழறிக்கொண்டிருக்கிற பிள்ளையிட்ட "சிவப்புக் கப்பா, நீலக் கப்பா" எண்டு கேட்டுப் பாருங்க, ரெண்டையும் தட்டி விடும். தெரிவு குடுக்கிறதெல்லாம் அழுகை தொடங்க முதல்.

அந்த நேரத்தில செய்ய இருக்கிறது கொஞ்சம்தான். கூரான, பாரமான சாமானை எட்டத்தில வைங்க. பிள்ளையிட கண் மட்டத்துக்குக் குந்துங்க, கை எட்டுற தூரத்தில இருங்க. "கோவம் வந்திட்டு. அம்மா இங்கதான்." அவ்வளவுதான் பேச்சு, கேள்வியும் வேணாம், விளக்கமும் வேணாம். பொட்டெகல், டேவிட்சன் எண்ட ஆய்வாளர்கள்ட குழு 2003ல வெளியிட்ட ஆய்வில, கத்தலும் உதையும் எறிதலும் ஆரம்பத்திலயே உச்சத்துக்குப் போய் இறங்கும், துக்கம்தான் கடைசி மட்டும் நிக்கும் எண்டு கண்டாங்க. பெரும்பாலும் அஞ்சு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிடும். கத்தல் சிணுங்கலா மாறி உங்கட பக்கம் பார்க்கக்குள்ள தூக்கி அணையுங்க. அதுக்கு முதல் தூக்கினா உதைதான்.

அக்கரைப்பற்றான்:
ரீச்சர், முகாமைத்துவம் எண்டா கட்டளை மட்டுமில்ல. கவுண்டர்ல ஒருத்தர் வந்து கத்தினா நல்ல மேற்பார்வையாளர் சட்டம் படிப்பிக்க மாட்டார். குரலைத் தாழ்த்துவார், ஆளைச் சனத்துக்குள்ள இருந்து ஒதுக்குப்புறமாக் கூட்டிப் போவார். புள்ளைக்கும் அதேதான். பெருநாள் கிட்ட கல்முனை பஸார்ல உடுப்புக் கடைக்குள்ள புள்ள விழுந்து குழறினா, உம்மாமார் அவசரப்படுறது, பாத்துக்கொண்டு நிக்கிற சனத்துக்காகத்தான். வெளிய நிழலுக்குக் கொண்டு போங்க, பாதி அடங்கும்.

ஒண்டு கவனம்: மணிக்கட்டைப் புடிச்சு இழுக்கப்படாது. இந்த வயசுல முழங்கை மூட்டு லேசா விலகிடும்; மறுகா புள்ள கையைத் தூக்காது, தொங்கப் போட்டுக்கொண்டு திரியும். ரெண்டு கக்கத்துக்குள்ளயும் கையைக் குடுத்து, புள்ளைட முதுகு உங்கட நெஞ்சில படுற மாதிரித் தூக்கினா உதை காத்தோட போகும்.

மட்டுநகர் பயிற்றுநர்:
நடுவில் பேச்சு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊக்குவிப்பை என்ன செய்வது? வாரம் முழுக்கக் குழறாமல் இருந்தால் சனிக்கிழமை காந்திப் பூங்கா என்று ஒரு நட்சத்திர அட்டை வைக்கலாமே?

கல்லடி முன்பள்ளி:
ரெண்டு வயசுக்குச் சனிக்கிழமை எண்டா என்னெண்டே தெரியா. அந்த நிமிசத்தில சொல்ற பாராட்டுத்தான் ஒட்டும்: "கேட்டு வாங்கினாய், நல்லம்." இன்னொண்டு, ஊக்குவிப்பு எண்ட பேரில வீடுகள்ல நடக்கிறது லஞ்சம். நாலு தரம் இல்லையெண்டு சொல்லி அஞ்சாம் தரம் ரொபியைக் குடுத்தா, அஞ்சு தரம் குழறினாக் கிடைக்கும் எண்டு பிள்ளை படிக்குது. எப்பயும் குடுக்கிறதை விட இடைக்கிடை குடுக்கிற பழக்கத்தை மாத்துறதுதான் கஷ்டம். குடுக்கிறதை நிப்பாட்டின புதுசில குழறல் கூடும். அது வழமைதான், ஆனா சரியா அந்த இடத்திலதான் வீட்டாக்கள் தோத்து ரொபிப் போத்தலைத் திறக்கிற.

அக்கரைப்பற்றான்:
இங்கதான் கந்தோர்ப் பாடம் மெய்யா உதவும். எங்கட பக்கம் மாப்பிள்ளை பொண்டு வீட்டுக்கு வாற வழமை. ஒரே வளவுக்குள்ள உம்மும்மா, சாச்சி, மாமா எல்லாரும். உம்மா "இல்ல" எண்டு சொன்னா உம்மும்மா போனைக் குடுப்பா. ஷிஃப்ட் மாறக்குள்ள பொறுப்புக் குடுக்கிற மாதிரிச் சொல்லி ஒப்படைங்க: கடைசியா எப்ப சாப்பிட்ட, எப்ப நித்திர கொண்ட, இண்டைக்கு எதுக்கு "இல்ல" சொல்லியிருக்கு. அந்த "இல்ல"யும் கொஞ்சமா இருக்கணும். கிணத்தடி, ரோட்டு, அடிக்கிற, கடிக்கிற. மத்ததுக்கெல்லாம் வாயைத் திறக்காதீங்க.

கிளினிக் அக்கா:
சேர் முதல்ல சொன்ன முன்னறிவித்தலை மத்த ஒருத்தரும் தொடல்லயே. போன் பாக்கிற பிள்ளைக்கு "இன்னும் ரெண்டு நிமிசம்" எண்டு சொன்னா எதிர்ப்புக் கூடுது எண்டு வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒண்டு 2016ல காட்டிச்சு. வீடியோ தானா முடியிற இடத்தில நிப்பாட்டுறது லேசு. ஓட்டோப்ளேயை ஓஃப் பண்ணி வைங்க. பூங்காவிலயும் நிமிசம் சொல்ல வேணாம், "இன்னும் ரெண்டு சறுக்கு" எண்டு சொல்லுங்க.

நித்திரையையும் பாருங்க. உலக சுகாதார அமைப்பு 2019ல சொன்ன அளவு, பகல் நித்திரையும் சேத்து, ஒண்டு ரெண்டு வயசுக்கு 11 முதல் 14 மணித்தியாலம், மூண்டு நாலு வயசுக்கு 10 முதல் 13. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல வெக்கையில மத்தியான நித்திரை குழம்பும். அண்டைக்குப் பின்னேரம் சந்தைக்குக் கூட்டிப் போகாதீங்க.

முகாமைத்துவத்தோட நிக்காத விஷயமும் இருக்கு. குழறல் வழமையா 25 நிமிசம் தாண்டுது, தன்னையே கடிக்குது, தலையை இடிக்குது எண்டா கிளினிக்ல காட்டுங்க. அழுது மூச்சை அடக்கி நீலம் பாரிச்சா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. குலுக்க வேணாம், வாயில தண்ணி ஊத்த வேணாம். பெரும்பாலும் ஒரு நிமிசத்துக்குள்ள மூச்சு திரும்பும், திரும்பாட்டி 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்க. திரும்பினாலும் முதல் தரம் எண்டா டொக்டரிட்டக் காட்டுங்க. இரும்புச்சத்துக் குறைவுள்ள பிள்ளைகள்ல இது கூடுதலா வரும், இரத்தம் சோதிக்கச் சொல்லுவாங்க.

மட்டுநகர் பயிற்றுநர்:
நான் முதலில் சொன்ன ஹெர்சி, பிளான்சார்ட் கோட்பாட்டின் நாலாம் படி, பொறுப்பை ஒப்படைத்தல். அது இந்த வயதில் சாத்தியமே இல்லையா?

கல்லடி முன்பள்ளி:
ஏன் இல்ல, அளவுதான் சின்னன். கடைக்குள்ள குழப்படி தொடங்க முதலே ஒரு வேலை குடுங்க. ரெண்டு தக்காளி எடுத்துப் பையில போடச் சொல்லுங்க.

அக்கரைப்பற்றான்:
தக்காளி வேணாம் ரீச்சர், நசிச்சுப் போடும். பெரிய வெங்காயம் குடுங்க.