எம்பாம் வேலை பழக என்ன படிக்க வேண்டும்? லைசன்ஸ் உண்டா?

மஸ்கெலியா தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது, மஸ்கெலியாப் பக்கம் தோட்டம். உயர்தரத்தில் உயிரியல் செய்தேன், கம்பஸ் போக புள்ளி காணவில்லை. இப்போது மலர்ச்சாலையில் (இறுதிச்சடங்கு நிலையத்தில்) எம்பாம் செய்யும் வேலையை, அதாவது இறந்த உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றும் வேலையைப் பழக வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன். அம்மாவுக்குத் துளிகூட விருப்பமில்லை, பிணம் தொடுகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரே அழுகை.

காரணம் அப்பாயி. போன வருடம் ஈரல் வருத்தத்தில் இறந்துபோனார். சித்தப்பா குவைத்திலிருந்து வரும்வரை மூன்று நாள் வைத்திருக்க வேண்டியிருந்ததால் டவுனில் ஒரு மலர்ச்சாலையில் கொடுத்தோம். லயத்துக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்தால் முகமெல்லாம் பச்சை பாய்ந்து, கழுத்து வீங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக் கிடந்தது. சித்தப்பா பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்ல" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது.

இதற்கு என்ன படிப்பு வேண்டும்? பரீட்சை, லைசன்ஸ் ஏதும் உண்டா? மாமா டொரன்டோவில் இருக்கிறார், இங்கே பழகிவிட்டு அங்கே போய் இந்த வேலையைச் செய்யலாமா? ஒருவர் ஆறு மாத டிப்ளோமா, வெளிநாட்டு வேலை நிச்சயம் என்று முன்பணம் கேட்கிறார், கட்டலாமா?

ஹட்டன் அண்ணன்:
தம்பி, முதலில் அப்பாயி விஷயம். ஈரல் கெட்டுப்போனால் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உடம்பில் தேங்கித்தான் மஞ்சள் நிறம் வருகிறது. அதில் நாங்கள் ஏற்றும் ஃபோர்மலின் மருந்து பட்டால் பிலிவர்டின் என்ற பச்சைப் பொருளாக மாறிவிடும். அதனால் காமாலை உடம்பு என்று தெரிந்தால் ஃபோர்மலின் குறைந்த கலவையைத்தான் ஏற்ற வேண்டும், பிறகு முகத்துக்குப் பூச்சும் கவனமாகப் போட வேண்டும். கழுத்து வீங்கியது வேறு பிழை. கழுத்து நாடியில் (தமனியில்) மருந்தை வேகமாக அடித்து, நாளத்தை (சிரையை) திறந்து இரத்தம் இறங்க வழி விடாவிட்டால் அது முகத்திலும் கழுத்திலும்தான் தேங்கும். அப்பாயியின் நோய் என்னவென்று செய்தவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதைப் படிக்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் உயிரியல் செய்தவர் என்பது பெரிய உதவி, நாடி நாளமெல்லாம் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கம் பெரும்பாலும் ஒரு ஆளிடம் நின்றுதான் பழகுகிறார்கள், நானும் அப்படித்தான். முதல் சில மாதம் கழுவுவது, சவரம், உடுப்பு போடுவது, பக்கத்தில் நின்று பார்ப்பது. அப்புறம்தான் கத்தி கைக்கு வரும். என் மாஸ்டர் முதலில் என்னைச் செய்யவிட்டது கைவிரல்களைப் பிசைவது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது தோளிலிருந்து விரல்நுனி வரை நீவிக்கொண்டே நகத்தைப் பார்க்க வேண்டும், மருந்தில் சாயம் கலந்திருப்பதால் அது போய்ச் சேர்ந்ததும் நகத்துக்கு அடியில் லேசாக சிவப்புத் தட்டும். ஒரு கையில் தட்டவில்லை என்றால் அங்கே மருந்து போகவில்லை, அந்தக் கைக்குத் தனியாக நாடி தேடி ஏற்ற வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டால் மூன்றாம் நாள் அந்தக் கைதான் முதலில் கெடும்.

இன்னொன்று. திடீர் மரணமாக இருந்தால் மரண விசாரணை முடிந்து உடலை விடுவித்த பத்திரம் கைக்கு வரும்வரை தொடவே கூடாது. ஃபோர்மலின் ஏறிய பிறகு இரத்தத்தில் என்ன இருந்தது என்று சோதித்துச் சொல்வது கஷ்டம். சொந்தக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், தோட்டத் தலைவர் போன் எடுத்தாலும் முடியாது என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

டிப்ளோமாவுக்குக் காசு கட்டாதீர்கள், பொறுங்கள். அந்த இடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, நீங்கள் படிக்கப்போகும் பாடநெறியும் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

டொரன்டோ அக்கா:
நான் பண்டாரவளை, இங்கே வந்து 14 வருடம். ஊரில் பழகியதை மட்டும் வைத்து இங்கே வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள் தம்பி. கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு சட்டம். ஒன்ராறியோவில் எம்பாம் செய்ய முதலாம் வகுப்பு இறுதிச்சடங்கு இயக்குநர் லைசன்ஸ் வேண்டும், இரண்டாம் வகுப்பு வைத்திருப்பவர் எம்பாம் செய்ய முடியாது. டொரன்டோவில் ஹம்பர் என்ற கல்வி நிறுவனத்தில் அதற்கான படிப்பு இருக்கிறது, வகுப்பு முடிந்து லைசன்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழ் பயிற்சியும் செய்ய வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஏறக்குறைய இரண்டு வருட சவக்கிடங்கு அறிவியல் படிப்பு, தேசியப் பரீட்சை, ஒரு வருடமளவு பயிற்சி, அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்து லைசன்ஸ். பிரிட்டனில் சட்டம் லைசன்ஸ் கேட்பதில்லை, ஆனால் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் தேறி, 1927 இல் தொடங்கிய பிரிட்டிஷ் எம்பாமர்கள் நிறுவனத்தில் உறுப்பினர் ஆனவர்களுக்குத்தான் மதிப்பு.

இத்தனையும் ஆங்கிலத்தில்தான். அதனால் மலர்ச்சாலையில் பழகிக்கொண்டே ஆங்கிலத்தைப் பிடியுங்கள். செய்த வேலையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், என்ன நோய், எந்த நாடி, என்ன கலவை, மூன்றாம் நாள் எப்படி இருந்தது என்று. நேர்முகத்தில் அது பேச உதவும்.

நர்ஸ் மிஸ்:
ஒருவரும் சொல்லாததை நான் சொல்கிறேன். வேலையில் சேர முன்னர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுங்கள். மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

அப்புறம் ஃபோர்மலின் வாடை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஃபோர்மலினில் இருக்கும் ஃபோர்மல்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதலாம் வகையில் வைத்திருக்கிறது. கொழும்பில் என்றால் சூட்டுக்கு ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். நுவரெலியாவில், ஹட்டனில் குளிருக்கும் பனிக்கும் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொண்டுதான் வேலை, அந்தக் காற்றுதான் முழு நேரமும் நெஞ்சுக்குள் போகும். சாதாரண துணி மாஸ்க் இந்த வாயுவைத் தடுக்காது, வாயுவை உறிஞ்சும் வடிகட்டி போட்ட மாஸ்க் வேண்டும். காற்றை இழுக்கும் மின்விசிறி கூரையில் இருந்தால் வாடை உங்கள் முகத்தைக் கடந்துதான் மேலே போகும், மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். பழகப்போகும் இடத்துக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் அங்கே சேராதீர்கள்.

மஸ்கெலியா தம்பி:
எல்லோருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை. ராத்திரி சித்தப்பாவுக்குப் போன் எடுத்து அந்தப் பச்சை எதனால் வந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அப்ப அது நோவோட நிறமா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மிஸ், மூன்று ஊசியும் முடிய ஆறு மாதம் ஆகுமே, அதுவரை சும்மா இருக்க வேண்டுமா?

நர்ஸ் மிஸ்:
சும்மா இருக்க வேண்டாம். அதுவரை ஒரு உடம்பையும் தொடாமல் உடுப்பு, பெட்டி, பத்திர வேலை என்று பழகுங்கள். கழுவுவதும் கத்தி, ஊசி பிடிப்பதும் மூன்றாவது ஊசி போட்டு, ஒன்று இரண்டு மாதம் கழித்து இரத்தம் சோதித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு.

ஹட்டன் அண்ணன்:
மிஸ் சொல்வது சரி. தம்பி, தனிமடலில் நம்பர் அனுப்புங்கள். அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் மனைவி அவரோடு பேசுவார்.