கலைச்சொல்: ஆக்கியவர் நினைக்காத வழியில் ஆடுவதற்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம். கணினி விளையாட்டை ஆக்கியவர் நினைக்காத வழியில் ஆடுவதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு வந்த யோசனைகளைப் பார்த்தேன்.

> கேம் எழுதினவன் ஒன்று நினைக்க, ஆடுகிறவன் வேறொரு விதமாக ஆடுகிறான். இதற்கு 'ஏமாற்றாட்டம்' என்றே வைத்துவிடலாமே.

தென்காசி அண்ணாச்சி, இது சரிவராது. ரகசியக் குறியீட்டை அடித்துத் தீராத உயிர் வாங்கிக்கொள்வது, வேறொரு மென்பொருளை ஓட்டிச் சுவருக்குப் பின்னால் நிற்பவனைப் பார்ப்பது, இதெல்லாம் கள்ளாட்டம். அந்தச் சொல் நம் பிள்ளைகள் வாயிலேயே இருக்கிறது, நாம் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. இங்கே பேச்சு வேறு. ஆடுகிறவன் நிரலில் கையே வைப்பதில்லை. நிரல் விட்ட இடத்தில்தான் நடக்கிறான். அப்படி ஓர் இடத்தை விட்டிருக்கிறோம் என்பது எழுதியவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

1996-ல் வந்த குவேக் என்ற சுடும் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கெட் வெடித்தால் பக்கத்தில் நிற்பவனைத் தூக்கி எறியும், சுட்டவனாகவே இருந்தாலும். காலடியில் சுட்டுக்கொண்டே குதித்தால் கொஞ்சம் உயிர் போகும், ஆனால் எட்டாத மாடத்துக்கு எட்டிவிடலாம். இந்த மாதிரித் தாவல்களையெல்லாம் கோத்து 1997-ல் சிலர் சேர்ந்து மொத்த ஆட்டத்தையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துப் பதிவு செய்தார்கள். யாரை ஏமாற்றினார்கள்?

> வழு என்பது கணினித் தமிழில் நிலைத்துவிட்ட சொல். ஆகவே 'வழுவாட்டம்'.

தம்பி, ஓசையை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தமாக வாசித்தால் ஆட்டம் போய் வாட்டம்தான் காதில் விழுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொருள்தான் இடிக்கிறது.

எங்கள் வீட்டில் அக்கா மகன் பழைய லேப்டாப்பில் வைஸ் சிட்டி என்ற கேமை ஆடுவான். துப்பாக்கி எடுப்பதில்லை, கொடுத்த வேலை எதையும் தொடுவதில்லை. ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவான். சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்பான். அந்த ஆட்டத்தில் சிக்னலை மீறினால் ஒரு தண்டனையும் கிடையாது. இருந்தும் பச்சை விழும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். பின்னால் வந்த கார் இடித்துவிட்டால், "ஏ மூதி, சிக்னல் விழலல்லா, பொறுல!" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போடுவான். ஊரையே கொள்ளையடிக்கச் சொல்லி எழுதிய கேமில் ஒருத்தன் போக்குவரத்து விதியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். வழு எங்கே இருக்கிறது? எல்லாம் எழுதினபடியே ஓடுகிறது. ஆனாலும் இது ஆக்கியவர் நினைக்காத ஆட்டம்தான். நாம் தேடும் சொல் குவேக்காரனுக்கும் பொருந்த வேண்டும், இவனுக்கும் பொருந்த வேண்டும்.

அதற்காக வழுவை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு வேறு இடம் வைத்திருக்கிறேன். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுவைச் சொன்ன நன்னூல், வழுவமைதியையும் சொல்கிறது அல்லவா? பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழு. ஆனால் உவப்பில் சொன்னது, ஆகவே அமைத்துக்கொள்ளலாம் என்கிறது. தவறு என்பதும் தெரியும், காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்பதும் தெரியும். விளையாட்டு வரலாற்றில் இதற்கு எத்தனை எடுத்துக்காட்டு!

1978-ன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கோள்காரர்கள் வரிசை வரிசையாக இறங்கி வருவார்கள். சுடச் சுட மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். யாரும் திட்டமிட்டு வைத்த வேகம் அல்ல அது. வரைய வேண்டிய உருவம் குறையக் குறைய அந்தக் காலத்துச் செயலிக்குச் சுமை குறைந்தது, ஓட்டம் கூடியது. ஆக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். கடைசி ஆள் பறக்கும்போது வயிற்றைப் பிசைகிறதே, அது இப்படி வந்ததுதான்.

1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-லும் இதே கதை. ஓர் அடி வாங்கியவன் நிமிர்வதற்குள் அடுத்த அடியைச் சேர்த்துவிடலாம் என்பது சோதனையின்போதுதான் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிஸு கண்ணில் பட்டது. இவ்வளவு நுணுக்கமாக நேரம் பார்த்து அடிப்பது யாருக்கு வாய்க்கும் என்று மறைபொருளாக விட்டுவைத்தார்கள். இன்றைக்கு இந்த அடிமேல் அடி, அதாவது காம்போ, இல்லாத சண்டை கேம் அரிது. இவற்றுக்கு வழுவமைதி என்ற பெயர் அச்சாகப் பொருந்துகிறது. புதுச்சொல் தேடி அலைய வேண்டாம், எழுநூறு எண்ணூறு வருடப் பழைய சொல் சும்மாதான் இருக்கிறது.

> ஆட்டத்தின் ஊடால புகுந்து போவதால் 'ஊடாட்டம்'.

அம்பாசமுத்திரம் ஐயா சொன்னதில் எனக்கும் ஆசைதான். 'ஊடால' நம் ஊர்ச் சொல் வேறு. ஆனால் பயனரும் கணினியும் மாறி மாறிச் செயல்படுவதற்கு ஊடாட்டம் என்று எழுதி வெகுகாலம் ஆகிவிட்டது. குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல முடியாது.

என் முன்மொழிவு: குறுக்காட்டம். போட்டுவைத்த வழிக்குக் குறுக்கே ஆடுவது. திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் படித்துறை மண்டபத்தின் மேல் ஏறி நின்று ஆற்றில் குதிக்கிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள். மண்டபம் கட்டியவர் குதிப்பதற்காகவா கட்டினார்? மண்டபத்துக்கும் சேதமில்லை, பையனுக்கும் குளியல் ஆச்சு. அந்த மாதிரி ஆட்டம் இது.

பாளையங்கோட்டையிலிருந்து

* * *

தம்பி, பேர் நல்லாத்தான் இருக்கிறது. இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கள் ஆச்சி கோபம் வந்தால் 'குறுக்கால போவான்' என்றுதான் ஏசுவாள். வசவுச் சொல்லைக் கலைச்சொல்லாக்கலாமா? இன்னொன்று, குறுக்கு என்றதும் குறுக்குவழி ஞாபகம் வரும். சீக்கிரம் முடிப்பது மட்டும்தான் குறுக்காட்டம் என்று படிக்கிற பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்.

தென்காசி

* * *

அண்ணாச்சி, ஆச்சி ஏசியது எனக்குப் பலமாகத்தான் படுகிறது. கேம் எழுதியவர், தான் மாதக்கணக்கில் கட்டிய கோட்டையை ஒருத்தன் சுவரைத் துளைத்துத் தாண்டிப் போவதைப் பார்த்தால் என்ன சொல்வார்? "குறுக்கால போவான்" என்றுதான் சொல்வார். கோபமும் செல்லமும் கலந்த வசவு, சொல்லுக்குள் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவது சந்தேகம் நியாயமானது. ஆனால் குறுக்கு விசாரணை என்கிறோம், அது வழக்கைச் சுருக்கவா செய்கிறது? குறுக்கெழுத்து என்கிறோம். எதிர்ப்பட்டு வெட்டிப் போவதுதான் அங்கெல்லாம் பொருள். 1985-ன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் 1-2, அதாவது முதல் உலகின் இரண்டாம் கட்டத்தின் கடைசியில் சுவருக்குள் ஒரு மாதிரி நுழைந்து குழாயில் இறங்கினால், திரையில் -1 என்று ஓர் உலகம் வரும். உண்மையில் அது 36-1. 36-ஆம் எண்ணுக்குரிய உருவம் வெற்றிடமாக இருப்பதால் முன்னால் ஒன்றும் தெரிவதில்லை. தண்ணீருக்குள் நீந்திக்கொண்டே போகலாம், கடைசிக் குழாய் மறுபடி தொடக்கத்திலேயே கொண்டுவந்து விடும். நேரம் தீர்ந்து சாகிற வரை அதே தண்ணீர்தான். ஒரு விநாடிகூட மிச்சமாகாது. ஆனாலும் அதைப் பார்ப்பதற்கென்றே போனார்கள். அதுவும் குறுக்காட்டம்தான். விரைந்து முடிப்பதற்கு 'விரைவோட்டம்' என்று தனிப் பதிவு போடுவோம், குழப்பம் வராது.

பாளையங்கோட்டையிலிருந்து

* * *

பட்டியலைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் ஒரு கேள்வி, அண்ணே. ஆக்கியவரே பிறகு அடைத்துவிட்டால் அதை எதில் சேர்ப்பது? சூப்பர் மரியோ 64-ல் கடைசிப் படிக்கட்டைக் கடக்க 70 நட்சத்திரம் வேண்டும். முன்னோக்கிய வேகத்துக்கு எல்லை வைத்தவர்கள் பின்னோக்கிய வேகத்துக்கு வைக்க மறந்ததால், பின்பக்கமாகத் தாவித் தாவியே அந்தப் படிக்கட்டைத் தாண்டினார்கள். 1997-ல் ஜப்பானில் வந்த மறுபதிப்பில் அந்த ஓட்டையை மூடினார்கள். ஆனால் ஆடுகிறவர்கள் பழைய பதிப்பைத்தான் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆக்கியவர் அமைக்கவில்லை, ஆடுகிறவர் அமைத்துக்கொண்டார். இது வழுவா, வழுவமைதியா?

வண்ணார்பேட்டை

* * *

தங்கச்சி, உயர்ந்தோர் வழக்கு என்று ஒன்று இருக்கிறதே. இந்தத் துறையில் ஆடித் தேர்ந்தவர்களே உயர்ந்தோர். நிறுவனம் மூடினாலும் அவர்கள் வழங்குகிற வரை வழுவமைதி என்றே போடலாம் என்பது என் கட்சி. ஐயா மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

வினைச்சொல்லையும் சேர்த்துவிடுங்கள்: குறுக்காடு, குறுக்காடினான். ஆளுக்குக் குறுக்காடி. 'ஏமாற்றாட்டம்' என்ற பதிவை நீக்கி, அந்த இடத்தில் கள்ளாட்டம் என்று மாற்றிவிடுங்கள். விரைவோட்டத்தைத் தனி இழையில் தொடங்குகிறேன்; அதில் ஓட்டப்பந்தயக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று இப்போதே தெரிகிறது.

பாளையங்கோட்டையிலிருந்து