பின்னச்சு ஒதுங்குநிலை: ஒரு கலைச்சொல் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நாலு சக்கரமும் இழுக்கிற எஸ்யூவிகளில், ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கர இழுவை தானாக நின்று டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதே, அந்த நிலைக்கு, நாம் அச்சிடப்போகும் பாடக்குறிப்பில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு நம் மடல்களில் ஒரு வாரமாக ஓடுகிறது. நொண்டிநிலை, முடக்கநிலை, காப்புநிலை என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் நான்காவதாக ஒன்றை வைக்கிறேன்: ஒதுங்குநிலை. முழுதாகச் சொன்னால் பின்னச்சு ஒதுங்குநிலை; பின்னச்சு என்பது பின்சக்கரங்களின் அச்சு. காரணத்தைச் சொல்வதற்கு முன் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெளியாமல் வைக்கிற பெயர் பட்டறையில் நிற்காது.

2014-இல் நம் ஊருக்கு வந்த ரெனோ டஸ்டர் ஏடபிள்யூடி (நாலு சக்கரமும் இழுக்கிற) மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இழுவை எப்போதும் முன்சக்கரங்களுக்கு உண்டு. பின் டிஃபரென்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிக்கு) முன்னால் மின்காந்தத்தில் இயங்கும் கிளட்ச் ஒன்று இருக்கிறது. அதை ஆளும் சின்னக் கணினியான கன்ட்ரோல் யூனிட் கரண்ட் கொடுத்தால் தகடுகள் இறுகிப் பின்சக்கரமும் இழுக்கும். கரண்ட்டை நிறுத்தினால் முன்சக்கரம் மட்டும்தான். எப்போது, எவ்வளவு இறுக்குவது என்பதை அந்த யூனிட் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறது. அந்த வேகம், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் யூனிட்டிலிருந்து, யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைன் என்ற இரட்டை வயர் வழியாக வருகிறது. நாலில் ஒன்று வராவிட்டாலும் மற்ற மூன்றை நம்பி அது இறுக்காது. கரண்ட்டை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும்.

ஆக, விளக்கு எரிகிறது என்றால் கிளட்ச் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. யூனிட் தானே முடிவெடுத்து விலகிக்கொண்டது என்றுதான் அர்த்தம். இது புரியாததால்தான் வண்டிக்காரர்களின் காசு வீணாகிறது.

போன மழைக்காலத்தில் மேகமலையிலிருந்து இறங்கிய ஒரு பழைய வண்டி மதுரையில் எங்கள் பட்டறைக்கு வந்தது. சின்னமனூரைத் தாண்டுவதற்குள் விளக்கு எரிந்துவிட்டதாம். வேறோர் இடத்தில் காட்டியபோது, "பின் கிளட்ச் போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் வண்டியின் யூனிட்டுகள் தரும் தகவலைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஒத்தக்கடை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மூன்று சக்கரங்கள் முப்பது காட்டிக்கொண்டிருக்க, பின்வலது மட்டும் திடீரென்று சைபருக்கு விழுந்து எழுந்தது. வண்டியைத் தூக்கி அந்தச் சக்கரத்தின் சென்சார் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால், மட்கார்டுக்குள் கிளிப் பிடிக்கிற இடத்தில் மேலுறை வெடித்திருந்தது. உள்ளே செம்பு களிம்பேறிப் பச்சை பூத்து, நகம் பட்டாலே பொடியாக உதிர்ந்தது. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். வண்டி நிற்கும்போது மீட்டர் வைத்தால் வயர் நன்றாகத்தான் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி வயர் இழுபடும்போதுதான் சிக்னல் அறும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் சேர்த்து ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கினோம். யூனிட்டில் பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை (எரர் கோட்) அழித்ததும் விளக்கு போய்விட்டது. கிளட்ச்சை யாரும் தொடவே இல்லை.

எர்த் விஷயமும் இப்படித்தான். பழைய வண்டியில் பாடியில் முறுக்கிய எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிடும். யூனிட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்து, அது விலகிக்கொள்ளும். ஓம் மீட்டர் மிகச் சிறிய கரண்ட்டை அனுப்பிப் பார்ப்பதால் அதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். கிளட்ச் சுருளுக்குக் கரண்ட் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு, கிளட்ச்சும் இழுக்கும்படி வைத்துக்கொண்டு, மீட்டரை வோல்ட்டில் திருப்பி, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை யூனிட்டின் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த்தைக் கழற்றிச் சுரண்டித்தான் ஆகவேண்டும். பசங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன். விலையுள்ள கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஸ்கேனரில் யூ (U) எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடு வந்தால் கேன் லைனைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வரவேண்டும். 120 காட்டினால் லைனின் ஒரு முனையில் இருக்கும் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது.

இப்போது டயர். சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவியதே இதுதான். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் வழுக்கையான இரண்டு பழைய டயர் என்று போட்டுவிடுகிறார்கள். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். யூனிட்டுக்கு இது சக்கரம் வழுக்குவதுபோலத் தெரியலாம், இறுக்கும். இறுகிய நிலையில் தகடுகள் ஓயாமல் உரசிச் சூடேறும். சூடு எல்லை மீறினால் யூனிட் கரண்ட்டை நிறுத்திவிடும். கொடைக்கானல் மலையேறும்போது எரிந்த விளக்கு, வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் தானாக அணையும். இங்கே வயரும் அறவில்லை, எந்தப் பாகமும் கெடவில்லை. இதைப் பழுது என்று எப்படிச் சொல்வது?

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

நொண்டிநிலை எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலைக்கு ஓரளவு பொருந்தலாம். இங்கே வண்டி நொண்டுவதில்லை. முன்சக்கர வண்டியாக இயல்பாகவே ஓடுகிறது. அதோடு, மனிதரைப் புண்படுத்தும் ஒரு சொல்லைப் பாடக்குறிப்பில் ஏற்ற எனக்கு மனமில்லை. முடக்கநிலை என்றால் வேறு எதுவோ அதை முடக்கிப்போட்டதாகத் தொனிக்கிறது. காப்புநிலை அழகான சொல்தான். ஆனால் மின்சாரத் துறையில் காப்பு என்றால் வயரின் மேலுறை; ‘காப்பிடப்பட்ட கம்பி’ என்று பாடநூலிலேயே இருக்கிறது. வயர் உரிந்ததால் வந்த கோளாறை விளக்கும் பத்தியில் இரண்டு காப்பும் சேர்ந்து வந்தால் மாணவன் திணறுவான். விலகல்நிலை என்றும் யோசித்தேன். அது ஏற்கெனவே வேறு பாடங்களில் வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

ஒதுங்கு என்பது தன்வினை. யூனிட் தானாகச் செய்கிறது என்ற செய்தி சொல்லிலேயே இருக்கிறது. ஒதுக்கு என்று வல்லினம் வந்தால் பிறவினை, ஒதுக்கீடு பக்கம் போய்விடும். உறங்குநிலை என்று கணினியில் ஏற்கெனவே பழகிய அமைப்புதான் இதுவும். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது. மீண்டும் சேரலாம் என்ற பொருளும் இதில் உண்டு. மழைக்கு ஒதுங்கியவர் மழை விட்டதும் நடப்பார் அல்லவா?

நேற்றைய மடலில் வந்த மறுப்பு நியாயமானது:

> வண்டி ஒதுங்கியது என்றால் ரோட்டோரம் நிறுத்தியதாகத்தானே எங்கள் பக்கம் புரிந்துகொள்வார்கள்?

ஆமாம் ஐயா, மதுரைப் பக்கமும் அப்படித்தான். அதனால்தான் ஒதுங்குவது எது என்பதையும் சேர்த்து, ‘பின்னச்சு ஒதுங்குநிலை’ என்று முழுதாக எழுதச் சொல்கிறேன். முதல் முறை முழுச்சொல், அப்புறம் சுருக்கமாக ஒதுங்குநிலை. பட்டறையில் சொல்லிப் பார்த்தேன். "பின்னச்சு ஒதுங்கிருச்சுண்ணே, எதனாலன்னு பாப்போம்" என்று ஒரு பையன் சட்டென்று பேச்சில் எடுத்துக்கொண்டான். ‘எதனால’ என்ற கேள்வி தானாகப் பின்தொடர்ந்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொருவர் அந்தக் கிளட்ச்சைக் கப்ளிங் என்றே எழுதலாம் என்றார். தயவுசெய்து வேண்டாம். வயரிங்கில் இரண்டு வயரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சாக்கெட்டை நம் எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் கப்ளர் என்கிறார்கள். "கப்ளரைக் கழட்டிப் பாரு" என்பதை ஒரு புதுப்பையன் தவறாகக் கேட்டு, தண்டவாளம்போல் கனமான பாகத்தில் ஸ்பேனர் வைத்துவிடக்கூடாது. பின் கிளட்ச் என்பதே போதும்.

குறிப்பில் சேர்க்க நான் எழுதியிருக்கும் விளக்கம் இது:

பின்னச்சு ஒதுங்குநிலை – சக்கர வேகத் தகவல் வராதபோதோ, மின்னழுத்தம் குறையும்போதோ, பின் கிளட்ச் அளவுக்கு மீறிச் சூடேறும்போதோ, கன்ட்ரோல் யூனிட் பின்சக்கர இழுவையைத் தானே விடுவித்துக்கொள்ளும் நிலை. சூட்டால் வந்தது ஆறியதும் தானாக நீங்கினால் ‘மீளும் ஒதுங்குநிலை’. காரணத்தைச் சரிசெய்யும்வரை நீடித்தால் ‘நீடித்த ஒதுங்குநிலை’.

‘நீடித்த’ என்பதைவிடப் பொருத்தமான அடை யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். வரும் ஞாயிறு அன்று குறிப்பை அச்சுக்குக் கொடுக்கிறோம்.

அன்புடன்.