மறு: வாசிகசாலைத் தோட்டம் – மோட்டருக்கு 1,45,000 ரூபா

அன்பான ஊரவர்களுக்கு,

ஊரிலையிருந்து வந்த கடிதத்தைப் பாத்திருப்பியள். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற இரண்டு அங்குல மோட்டர் மிசினுக்கு 1,45,000 கேட்டிருக்கினம். தையிலை சொட்டுநீர்க் குழாய்க்கு அனுப்பின காசின்ரை கணக்கே இன்னும் முடியேல்லை. 24 பாத்தி, ஒவ்வொண்டும் 20 மீற்றர். 480 மீற்றர் குழாய் போதும். பில்லிலை 960 நிக்குது. மிச்சம் எங்கை? பதில் வராமல் ஒரு சதமும் போகாது. மதில் விசயத்திலை விட்டது மாதிரி இதை விட ஏலாது.

பொருளாளர், ஸ்காபரோ

*

தம்பி, குழாயைத் தேடாதை. மகள் ஆவணியிலை போய்ப் படம் அனுப்பினவள். எல்லாம் சுருட்டி மாமரத்துக்குக் கீழை கிடக்கு. வெங்காயத் தாள் நுனியெல்லாம் எரிஞ்சு நிக்குது. மேற்கு வேலியிலை மாடு பூருற அளவு பொட்டு. பெரியையா பேரிலை வைச்ச பலகையிலை ஆரோ சேட்டுக் காயப்போட்டிருக்கினம். பக்கத்து ஊர்க்காரர் அந்த றோட்டாலைதானே போறவை! முதல் பலகையைத் துடைக்கச் சொல்லுங்கோ, மிசின் பிறகு.

பெரியக்கா, மெல்பேர்ண்

*

அண்ணை, அக்கா,

960 சரிதான். எங்கடை செம்மண்ணிலை சொட்டுத் தண்ணி பக்கமாப் பரவாது, நேரை கீழை இறங்கும். ஒரு குழாய் ஒரு அடி அகலம்தான் நனைக்கும். மீற்றர் அகலப் பாத்திக்கு இரண்டு வேணும்.

பிழை வேறை இடத்திலை. குழாய் அடைபட்டுது. அதைச் சுருட்டி வைச்சிட்டு வாய்க்காலாலை பாய்ச்ச வெளிக்கிட்டதாலைதான் இப்ப பெரிய மிசின் கேக்கினம். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாற தண்ணி. நிப்பாட்டின பிறகு துளை வாயிலை நிக்கிற சொட்டு வெயிலிலை காய, கேத்திலிலை படியிற அதே வெள்ளை அங்கையும் படியும். விடிய வெள்ளன விட்டு, குழாயை வைக்கோலாலை மூடினால் அது குறையும். தாங்கி வாயிலை 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வடிகட்டி கட்டாயம் வேணும். கிழமைக்கொருக்கா நுனியைத் திறந்து, தெளிஞ்ச தண்ணி வருமட்டும் ஓடவிட வேணும். இப்ப அடைபட்டதை வினாகிரி விட்டு ஒரு இரவு ஊறப்போட்டுக் கழுவிப் பாக்கலாம். ஊசியாலை குத்தக் கூடாது, துளை பெருத்திடும்.

அளவும் சொல்லுறன். துளைக்கு மணித்தியாலம் 2 லீற்றர் எண்டு பெட்டியிலை இருக்கிறது 10 மீற்றர் உயர அழுத்தத்துக்கு. எங்கடை தாங்கி 2 மீற்றர்தான், 0.9 லீற்றர் அளவிலைதான் வரும். ஒரு குழாய்க்கு 66 துளை. ஆறு பாத்தியை ஒரு தரத்திலை திறந்தால், 12 குழாயும் 50 நிமிசத்திலை கிட்டத்தட்ட 600 லீற்றர் விடும். அதாவது 5 மில்லிமீற்றர் மழை. வெங்காயத்துக்கு ஒரு நாளைக்கு அவ்வளவும் போதும். நாலு தரத்துக்கும் 2,400 லீற்றர். இருக்கிற அரைக் குதிரை மோட்டர் இதை இறைக்கும்.

இரண்டு அங்குல மிசின் நிமிசத்துக்கு 400, 500 லீற்றர் இழுக்கும். நன்னீர் உவர்த் தண்ணிக்கு மேலை மிதக்கிற ஊர் எங்கடை. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழை உவர் ஏறக்குறைய 40 அடி ஏறும் எண்டதுதான் கணக்கு. தாள் நுனி எரிஞ்சதுக்கும் அதுதான் காரணமெண்டு நினைக்கிறன். பேனை மாதிரி ஒரு உப்பு மீற்றர் வாங்கிக் குடுங்கோ. தண்ணியின்ரை உப்பளவு 0.8 mS/cmக்கு மேலை போனால் வெங்காயம் குறையத் தொடங்கும், கரட்டும் போஞ்சியும் 0.7இலையே. பீட்றூட் 2.7 வரை தாங்கும். கோடையிலை அதை வைக்கலாம்.

பெடியளைக் குறை சொல்லாதேங்கோ. முதல் மாரி நாலு பாத்தி, அடுத்தது பத்து, இப்ப 24. 2021இலை அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்ததிலையிருந்து குழை தாட்டுத்தான் செய்யினம். புரட்டாதிக்குள்ளை வேலிப் பொட்டுக்குக் கிளுவைக் கதியாலும் கிளிசரியாவும் ஊண்டினால் மழைக்கு வேர் பிடிக்கும். வெட்டுற குழை பாத்திக்கு ஆகும். கார்த்திகை மழைக்குப் பாத்தி ஒரு சாண் உயர நிக்க வேணும், மழை உப்பையும் கழுவும். வெங்காயம் கிண்டின நிலத்திலை சணல் விதைச்சுப் பூக்கேக்கை மடக்கி உழவேணும். காய்க்க விட்டால் தண்டு முத்திப் போகும், உக்காது.

வடிகட்டியும் மீற்றரும் கேட்ட காசிலை பத்திலை ஒரு பங்குக்குள்ளை முடியும்.

ஒஸ்லோ

*

துலாவிலை இறைச்ச காலத்திலை அந்தக் கிணறு உவர்த்ததே இல்லை. மேலை ஒருவர் நடக்க, கீழை ஒருவர் பட்டை பிடிக்க, ஊற்றும் ஊற நேரம் இருந்துது. அந்தக் கிணத்துப் பங்கை ஆர் ஆருக்கு எழுதிக் குடுத்தது எண்டு தெரிஞ்சவை இப்ப வாய் திறக்க மாட்டினம். இப்ப மிசின் கேக்கினம்!

குஞ்சியப்பு, லண்டன்

*

குஞ்சியப்பு, அந்த உறுதிக் கதை இங்கை வேண்டாம்.

தம்பி, 960 விளங்கீற்றுது. ஆனால் பில்லிலை நுனி மூடி 24தான். 48 குழாய்க்கு 48 மூடி வேணுமே?

பொருளாளர்

*

அண்ணை, நல்லாக் கேட்டியள். மிச்ச 24ஐயும் மடிச்சுக் கம்பியாலை இறுக்கியிருப்பினம். பிறகு ஆர் அவிழ்த்துக் கழுவுறது? அந்தக் குழாயள்தான் முதல் அடைபட்டிருக்கும். வடிகட்டியோடை 24 மூடியும் சேத்துப் போடுங்கோ.

ஒஸ்லோ